உன் பெயர் போட்ட சீல்

மகளே, சலாம். பக்கத்து அறையில் இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிற உம்மா துபாயின் இந்தக் கராமாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். நீ போனில் பேசிக்கொண்டே காபி குடிக்கிறாய், போனில் பேசிக்கொண்டே செருப்பு மாட்டுகிறாய். நான் வாயைத் திறந்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாய், இரு உம்மா என்று. அந்த விரல் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. வியாழக்கிழமை நீ குவைத்துக்குப் போகிறாய். அங்கே ஃபஹாஹீலில் போடப்போகிற கடைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். உன் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துவிடுகிறேன். நீ எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. உன்மேல் எனக்குப் பொறாமை. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. எழுதலாமா என்று நானும் யோசித்தேன், எழுதாமல் இருந்து பார்த்தாயிற்று, அதனால் நடந்ததெல்லாம் போதும். உன் ஆபீஸ் சுவரில் நாலு லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே, துபாய், ஷார்ஜா, அஜ்மான், அபுதாபி என்று வரிசையாக, நாலிலும் உரிமையாளர் என்ற இடத்தில் அரபியிலும் இங்கிலீஷிலும் உன் பெயர் மட்டும் இருக்கிறதே, அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. மாஷா அல்லாஹ் என்றுதான் வாய் சொன்னது. கண் கலங்கியதைப் பார்த்து நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தாய். பாதிதான் பெருமை, மகளே. மீதிப் பாதியை இன்றைக்கு வரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எப்படி எரியாமல் இருக்கும்? சத்வாவில் நம் தையல் கடையில் பதினோரு வருஷம் நான் தைத்தேன். தையல் மெஷின்களில் எது எந்த நேரத்தில் மக்கர் பண்ணும் என்று எனக்குத் தெரியும். ஸ்கூல் யூனிபார்மில் எந்தப் பிள்ளையின் தோள் அடுத்த வருஷம் எவ்வளவு வளரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். ஆனால் என் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவில் ஹவுஸ் வைஃப் என்று இருந்தது. லைசென்ஸில் பெரிய பங்கு அரபிக்காரர் பெயரில், சின்னப் பங்கு உன் வாப்பா பெயரில். அன்றைக்குச் சட்டம் அப்படி. வெளிநாட்டுக்காரனுக்கு முழுக் கடையும் சொந்தமாக முடியாது. இப்போது சட்டம் மாறிவிட்டது, நீ ஒருத்தியே முழு முதலாளி. நல்லது. நான் மட்டும் அப்போது புருஷனுடைய விசாவில் இருந்தேன், இப்போது உன் விசாவில் இருக்கிறேன். என் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளி, இப்போது நீதான். போன மாதம் விசா புதுப்பிக்க டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோமே, அந்தப் பையன் "ஸ்பான்சர் யாரு?" என்று கேட்டதும் நீ கையைத் தூக்கினாய். ஐந்து வயதில் ஸ்கூலில் கையைத் தூக்கிய அதே மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சரி, புலம்பலை விடுகிறேன். நாலு எமிரேட்டில் ஏன் நாலு கம்பெனி, எல்லாம் ஒரே நர்ஸ் உடுப்பு, ஆஸ்பத்திரி உடுப்புத்தானே, ஒரே கம்பெனியாக வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நாள் உன்னிடம் கேட்டேன். நீ அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாய், போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய். அமெரிக்காவில் சீரீஸ் எல்எல்சி என்று ஒரு வகைக் கம்பெனி உண்டாம். வெளியே பார்த்தால் ஒன்று, உள்ளே தனித்தனி அறை. ஓர் அறைக்கு வழக்கு வந்தால் மற்ற அறைக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி பிறந்த மாநிலம் அந்த உள்சுவரை ஒப்புக்கொள்ளும், பக்கத்து மாநிலம் ஒப்புக்கொள்ளுமா என்று சொல்ல முடியாது. அங்கே வழக்கு வந்தால் சுவராவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் ஒரே வீடாகக் கணக்கில் எடுத்துவிடலாம். நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நீ கேட்டாய்: "உம்மா, நம்ம பழைய பார்ட்டிஷன் ரூம் ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? இதே கராமாவில், இங்கிருந்து நாலாவது கட்டிடம். ஒரு பிளாட்டுக்குள் பிளைவுட் அடித்து ஐந்து குடும்பம். நம்முடையது ஜன்னல் இல்லாத நடு அறை. நமக்கு அது சுவர்தான். அதில் ஆணி அடித்தோம், காலண்டர் மாட்டினோம், அந்தப் பக்கத்துக் குடும்பம் சண்டை போட்டால் கேட்காத மாதிரி இருந்தோம். ஒரு நாள் முனிசிபாலிட்டிக்காரர் கட்டிட வரைபடத்தோடு வந்து நின்றார். அவர் கையிலிருந்த காகிதத்தில் நம்முடைய சுவரே இல்லை. கடைசி அறைக்காரன் காஸ் அடுப்பு வைத்திருந்ததற்கு ஐந்து குடும்பமும் சாமானைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். "அதான் உம்மா விஷயம்" என்றாய். "சுவர் நமக்குத் தெரிஞ்சா போதாது, அந்த ஊர்க் காகிதத்துக்குத் தெரியணும்." இங்கே அந்த மாதிரி உள்ளறைக் கம்பெனி வேண்டாம், ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க் காகிதத்தோடு தனி வீடே கட்டிவிடுகிறேன் என்றாய். இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருவரும் எதையும் சொன்னதில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். உன் வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எனக்கு அது தெரியும், தெரிந்தே இடித்தவள் நான்.

போன திங்கட்கிழமை உன் வக்கீல் ராகவன் சார் வந்திருந்தார். உனக்குச் சோறு கொண்டுவந்த நான் அந்த மூலை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். குவைத்தில் கடை போட வேண்டுமானால் அந்த நாட்டுப் பங்காளி ஒருவர் வேண்டும், ஃபஹாஹீலில் ஒரு குவைத்திப் பெண்மணியைப் பார்த்து வைத்திருக்கிறேன், முன்பு நர்சரி ஸ்கூல் நடத்தியவர், நல்ல பெயர் என்றார். நீ ஒரே வார்த்தையில் முடியாது என்றாய். அங்கே ஏற்கெனவே கடை வைத்திருக்கிற ஒருவருடைய லைசென்ஸில் நம்முடைய சரக்கை வைக்கலாம், வாடகைக் காகிதமும் சரக்குப் பில்லும் துபாய் கம்பெனி பெயரிலேயே போகட்டும் என்றாய். அப்படிச் செய்தால் அங்கே ஒரு தப்பு நடந்தாலும் துபாய் கம்பெனியின் கழுத்தில்தான் வந்து விழும், இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சுவரை நீங்களே உடைக்கிறீர்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போது நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

"எங்க வாப்பாவ ஒரு கஃபீல் ஏமாத்தி நடுத்தெருவுல விட்டான் சார். இன்னொருத்தர் பேர்ல நான் பங்கு எழுதிக் கொடுக்க மாட்டேன். கடை போனாலும் பரவால்ல."

நான் அந்த இடத்தில் எழுந்து பேசியிருக்க வேண்டும். டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. எல்லாம் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற சந்தோஷம். போகட்டும், ஒரு தடவை விழட்டும், விழுந்தால் என் கஷ்டம் புரியும் என்று நினைத்தேன். அன்றைக்குக் கீழே இறங்கும்போது உன் ரிசப்ஷன் பெண் அஜ்மான் டெலிவரி நோட்டில் துபாய் கம்பெனி சீலைக் குத்திக்கொண்டிருந்தாள். அஜ்மான் சீல் டிரைவர் வண்டியில் போய்விட்டதாம். நான் பார்த்துக்கொண்டு நின்றதும், "எல்லாம் ஒண்ணுதானே ஆன்ட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணின் கையில் என் கையைப் பார்த்தேன்.

இனி பழைய கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதை இது: உன் வாப்பா சத்வாவில் ஒரு தையல் கடையும் ஷார்ஜா ரோலாவில் ஒரு யூனிபார்ம் கடையும் வைத்திருந்தார், இரண்டிலும் கஃபீலாகவும் பங்காளியாகவும் இருந்த அரபிக்காரர் அபூ காலித் இரண்டையும் விழுங்கிவிட்டார், வாப்பா மறுபடி இன்னொருவர் கடையில் துணி வெட்டப் போனார், அதே வெட்டுமேசையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு மௌத்தானார். இதை உனக்கு நான் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கதை இந்தக் கராமாவில் யாருக்கும் சந்தேகம் தராத கதை. அப்படி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, நம் கீழக்கரையிலேயே வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அதனால் கஃபீல் ஏமாத்திட்டான் என்று சொன்னால் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் நம்முடைய கதை அது இல்லை.

சத்வா கடைக்கு உன் வாப்பா என் பெயரை வைத்தார். விசாவில் ஹவுஸ் வைஃப் என்று போட்ட நாள் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதற்குச் சமாதானம் அது. போர்டில் என் பெயர், பில் புக்கில் என் பெயர், வட்டமான சீலில் என் பெயர். அப்படி வைப்பதாக அவர் சொன்னதும்தான் சாப்பிட்டேன். சீல் என்னிடம்தான் இருக்கும், ஊசிகள் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவில். இந்த ஊரில் கையெழுத்தைவிடச் சீல் பெரியது என்பது உனக்கே தெரியும். சீல் இல்லாத காகிதத்தை எந்த கவுண்டரிலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காகிதங்களில் நான் என் பெயரை அழுத்திக் குத்தும்போதெல்லாம், கடை எனக்கும்தான் என்று ஒரு நினைப்பு வரும். முட்டாள்தனம்தான். ஆனால் எனக்கு இருந்ததே அவ்வளவுதான்.

உனக்கு நாலு வயது நடக்கும்போது ஷார்ஜாவில் இரண்டாவது கடை. துபாய் லைசென்ஸை வைத்து ஷார்ஜாவில் கடை நடத்தக் கூடாது என்று முதலில் சொன்னவர் அபூ காலித்தான். தனி லைசென்ஸ், தனிக் கம்பெனி, தனி பில் புக் என்று கூடவே வந்து, வெயிலில் ஒவ்வொரு கவுண்டராக நின்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு சீலையும் என் முன்னால் மேசையில் வைத்து, நமக்குப் புரிகிற அந்தக் கலவை பாஷையில் சொன்னார்: "யே அலக், வோ அலக். மிக்ஸ் மாஃபி." இது வேறு, அது வேறு, கலக்காதே என்று. நான் இரண்டாவது சீலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் உன் பெயர் இருந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை உன் வாப்பா. பிள்ளை பெயரில் பரக்கத் வரும், பெருகும் என்றார். திறப்பு நாளில் உன்னைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, அந்தப் புதுச் சீலை மையில் தொட்டு உன் உள்ளங்கையில் குத்தினார். நீ கையை விரித்துக்கொண்டு கடை முழுக்க ஓடி, வந்தவர்களிடமெல்லாம் காட்டினாய். கை கழுவச் சொன்னால் அலறினாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைப் போர்டில் மாட்டிய அன்றைக்கு அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைமேல் பொறாமையா என்று கேள். ஆமாம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அதற்குப் பிறகு உன் பெயர் போட்ட சீலை நான் தொடவில்லை. ஷார்ஜா பில்லோ, ஆர்டர் காகிதமோ, டெலிவரி நோட்டோ, எது வந்தாலும் என் சீலையே குத்தினேன். தெரியாமல் செய்ததில்லை. மேலே ஷார்ஜா கடையின் பெயர், உன் பெயர், அச்சடித்திருக்கும். அதன்மேலேயே படுகிற மாதிரி என் பெயரை அழுத்துவேன். யாரும் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துக் கடை, எல்லாம் ஒண்ணுதானே என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு பெரிய ஸ்கூல் ஆர்டர் ஷார்ஜா கடைக்கு வந்தது. துணியில் சாயம் நிற்கவில்லை. முதல் துவைப்பிலேயே நீலம் இறங்கி எல்லா வெள்ளைச் சட்டையும் பாழ். ஸ்கூல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஷார்ஜா கம்பெனி மட்டும் விழுந்திருக்க வேண்டிய வழக்கு அது. சத்வாவைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் அவர்களுடைய வக்கீல் ஆர்டர் காகிதத்தைக் காட்டினார், டெலிவரி நோட்டைக் காட்டினார். எல்லாவற்றிலும் சத்வா கம்பெனியின் சீல், வட்டமாக, தெளிவாக. நான் எப்போதும் தெளிவாகக் குத்துகிறவள். ஆர்டர் எடுத்தது சத்வா கம்பெனி, கொடுத்ததும் சத்வா கம்பெனி, அதுவும் லைசென்ஸ் இல்லாத எமிரேட்டில் என்று முடிந்துவிட்டது. இரண்டு கடையும் போயின. அபூ காலித்துடைய பங்கும் சேர்ந்தேதான் போனது. வழக்கு முடிகிறவரை உன் வாப்பா நாட்டைவிட்டு வெளியே போக முடியாது என்று தடை. அந்தச் சமயத்தில்தான் ஊரில் அவருடைய உம்மா மௌத்தானது, அவர் போனில் ஜனாஸாத் தொழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது எல்லாம்.

ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் கேட்டார். கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "ஏன் புள்ள சீல மாத்திக் குத்துன?" என்றார். அந்தச் சீலில் மை காய்ந்துவிட்டது என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு இருபது வருஷம் கூட வாழ்ந்தார், திரும்பக் கேட்கவே இல்லை. அவர் கேட்ட மறுநாள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்த ஆட்கள் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். கஃபீல் ஏமாத்திட்டானாமே என்றார்கள். அவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

நீ அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தாய். அதற்காகவே வியாபாரச் சட்டம் படித்தாய், அதற்காகவே யாரையும் பங்காளியாக வைத்துக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் வந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா மௌத்தான மூன்றாம் நாள் அபூ காலித் கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு நம் வாசலில் வந்து நின்றார். நான் இத்தாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், உள்ளே இருந்தேன். நீ கதவை முழுக்கத் திறக்கவில்லை. "ஹலாஸ்" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது, முடிந்தது போங்கள் என்று. அந்தக் கிழவர் படியில் இறங்குகிற செருப்புச் சத்தமும் கேட்டது. எழுந்து வந்து, உள்ளே விடு மகளே என்று சொல்ல எத்தனை அடி தூரம்? நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு சத்வாவுக்கு பஸ் பிடித்துப் போனேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். அவர் இன்னும் அதே பள்ளிவாசல் பக்கத்தில், ஒரு டீக்கடை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார். பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார். எனக்கு டீ சொன்னார். அந்தச் சீலை நான் வேண்டுமென்றேதான் மாற்றிக் குத்தினேன், பிள்ளைமேல் பொறாமை என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மாலூம்" என்றார். தெரியும் என்றார். உன் வாப்பா அன்றைக்கே எல்லாவற்றையும் அவரிடம் போய்ச் சொல்லி, கெட்ட பெயரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, என் மகள் அவளுடைய உம்மாவை வெறுத்து வளரக் கூடாது, எங்கேயோ இருக்கிற உங்களை வெறுத்தால் பரவாயில்லை என்றாராம். இவரும் சரி என்றாராம். அவ்வளவுதான். ஒரு காகிதம் கிடையாது, ஒரு சீல் கிடையாது, இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறார். தன் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லையாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். எதற்கு அழுதேன் என்று நினைக்கிறாய்? முதல் இரண்டு ஸ்டாப் வரை அந்த இரண்டு மனுஷருக்காக. அதற்குப் பிறகு, இதையும் உன் வாப்பா உனக்காகத்தானே செய்தார் என்று. என்னைக் காப்பாற்றினார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உனக்கு ஓர் உம்மாவைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். பார், இந்த வயதிலும், இதைக் கேட்ட பிறகும், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இது போகிற குணம் இல்லை போல. இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நீ விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு தடவை பார்த்தது போதும்.

ஆகவே வியாழக்கிழமை அந்த வாடகைக் காகிதத்தில் துபாய் கம்பெனி பெயரில் கையெழுத்துப் போடாதே. இன்னொருவர் லைசென்ஸுக்குள் ஒளிந்து கடை நடத்துவது பிளைவுட் அறைதான், நீயே சொன்னதுதான். அந்தக் குவைத்திப் பெண்மணியைப் போய்ப் பார். நல்லவரா என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. உன் வாப்பாவும் அபூ காலித்தும் தங்களுக்குள் ஒரு தனிக்காகிதம் எழுதி வைத்திருந்தார்கள், கடை உண்மையில் யாருடையது என்று. கோர்ட்டுக்குப் போனால் அது செல்லாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அது நின்றது அந்த மனுஷருடைய குணத்தால். உனக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். நிர்வாகம் யார், லாபம் எப்படி, பிரிவதென்றால் எப்படி என்று எல்லாவற்றையும் பதிவு செய்கிற காகிதத்திலேயே எழுதிவிடு. அரபியில் என்ன எழுதியிருக்கிறது என்று வேறு ஒருவரை வைத்துப் படிக்கச் சொல், சண்டை வந்தால் அவர்கள் பார்ப்பது அரபியைத்தான். பங்காளி கெட்டவராக இருந்தால் உன்னைக் காகிதம் காப்பாற்றும். ஆனால் நீயே சுவரை இடித்தால் எந்தக் காகிதமும் காப்பாற்றாது. ரிசப்ஷன் பெண்ணிடமிருந்து சீல்களை வாங்கி, அந்தந்தக் கடைக்கு அந்தந்தச் சீலை அனுப்பிவிடு. அவளைத் திட்டாதே. அவள் சோம்பலில் செய்கிறாள், என்னைப் போல இல்லை.

திரும்பி வந்ததும் அபூ காலித்தைப் போய்ப் பார். நான் போகச் சொல்லி வற்புறுத்தினதாக இருக்க வேண்டாம். அசருக்குப் பிறகு அங்கேதான் இருப்பார். உன் குரல் அவருக்கு ஞாபகம் இருக்காது, பெயரைச் சொல். என்னிடம் கோபம் என்றால் கோபப்படு. ஒரு மாதம் பேசாமல் இரு, ஆறு மாதம் பேசாமல் இரு. என் விசாவை மட்டும் கேன்சல் பண்ணிவிடாதே, ஊரில் எனக்கு யாரும் இல்லை.

உன் பெயர் போட்ட அந்தச் சீலை நான் எறியவில்லை. கடைகளை மூடின அன்று என் சீலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், இதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஊசி டப்பாவின் அடியிலேயே கிடந்தது. இன்று காலை எடுத்துப் பார்த்தேன், ரப்பர் புதிதாகவே இருக்கிறது, உன் உள்ளங்கையில் பட்ட மை மட்டும் ஓரத்தில் காய்ந்து போயிருக்கிறது. கீழே ஸ்டேஷனரி கடையில் ஒரு மைப் பெட்டி வாங்கி வந்தேன். வழக்கமாக நான் கடிதத்தின் கீழே என் பெயரைத்தான் எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை. அந்த இடத்தில் உன் பெயரைக் குத்தியிருக்கிறேன், என் கையால் முதல் தடவை. கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிட்டது. இது வேண்டுமென்று செய்ததில்லை.